கித்துல்கலைப் பாலமும் குரங்குகளின் கோளும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம் ஓர் ஆங்கிலத் திரைப்படம். இலக்கிய நிகழ்ச்சியில் சினிமாவா, அதுவும் குரங்குகள் குதிரை மீதேறித் துப்பாக்கி சுடுகிற ஹொலிவூட் சினிமாவா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். இந்தக் குரங்குகளுக்கும் நமது சப்ரகமுவ மாகாணத்துக்கும், இன்னும் சொல்லப்போனால் இறப்பர் தோட்டத்துத் தமிழனுக்கும், ஒரு சம்பந்தம் இருக்கிறது. அது நேரடிச் சம்பந்தமன்று. ஆனால் நான் வலிந்து கட்டியதுமன்று.

அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டை வழியாக ஹட்டனுக்குப் போகிறவர்கள் கித்துல்கலையைத் தாண்டித்தான் போக வேண்டும். கேகாலை மாவட்டம். வீதிக்குக் கீழே களனி கங்கை ஓடுகிறது. ஆற்றோரத்தில் சில கொங்கிறீட் அடித்தளங்கள் இன்றும் கிடக்கின்றன. "த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்" என்ற படத்துக்காகக் கட்டப்பட்ட மரப்பாலத்தின் மிச்சம் அவை. டேவிட் லீன் இயக்கிய அந்தப் படத்துக்காக 1957 மார்ச் மாதத்தில் அந்தப் பாலத்தை, மேலே ஒரு ரயிலும் ஓட, வெடிவைத்துத் தகர்த்தார்கள். பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க நேரில் வந்து பார்த்தார். அந்தப் படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைத் தட்டிக்கொண்டு போனது. இது பலருக்கும் தெரிந்த சங்கதி.

அந்தப் பாலத்தின் கதையை எழுதிய மனிதர்தான் குரங்குகளின் கோளையும் எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது. அவர் பெயர் பியர் பூல். பிரெஞ்சுக்காரர். 1912இல் அவிஞ்ஞோன் நகரில் பிறந்தவர், பொறியியல் படித்தவர். 1936இல் மலாயாவுக்குப் போய் இறப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தார். அதாவது, நம்மவர்கள் "துரை" என்று சொல்வார்களே, அந்த வர்க்கத்தைச் சேர்ந்தவர். மலாயாவின் இறப்பர் தோட்டங்களில் அந்நாளில் பால் வெட்டியவர்களில் மிகப் பெரும்பாலானோர் தமிழர்கள். தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கங்காணிமார் ஆள் கட்டிக்கொண்டு ஒரு பக்கம் இலங்கைக்கு வந்தார்கள், மறுபக்கம் மலாயாவுக்குப் போனார்கள். ஒரே ஊரில் அண்ணன் கண்டிச்சீமைக்கும் தம்பி மலாயாவுக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. ஆகவே பியர் பூல் காலையில் பிரட்டுக் களத்தில் நின்று பார்த்தது நம்முடைய உறவினரைத்தான். 1951இல் அவர் வெளியிட்ட ஒரு நாவல் அந்த மலாயாத் தோட்ட வாழ்க்கையையே களமாகக் கொண்டது. 1952இல் குவாய் பாலம். 1963இல் "குரங்குகளின் கோள்".

இன்னொரு விசித்திரம். குவாய் படத்தின் திரைக்கதைக்கு ஒஸ்கார் கிடைத்தபோது அது பியர் பூலின் பெயருக்கே போனது. உண்மையில் எழுதியவர்கள் கார்ல் ஃபோர்மன், மைக்கல் வில்சன் என்ற இருவர். இருவரையும் கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகித்து அமெரிக்க சினிமா உலகம் கறுப்புப் பட்டியலில் போட்டிருந்ததால் அவர்களுடைய பெயரைத் திரையில் போடவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு, இருவரும் இறந்த பின்னர்தான் அந்த விருது அவர்களுக்கு உரியதென ஏற்கப்பட்டது. அந்த மைக்கல் வில்சனே 1968இல் வெளிவந்த முதலாவது "பிளனெட் ஒஃப் த ஏப்ஸ்" படத்தின் திரைக்கதையை ரொட் சேர்லிங்குடன் சேர்ந்து எழுதியவர். அந்தப் படத்தில் குரங்குகளின் நீதிமன்றம் ஒரு மனிதனை விசாரிக்கும் காட்சி வருகிறது. பேசத் தெரிந்த ஒருவனைப் பார்த்து, உன் பேச்சைக் கேட்க எங்களுக்கு விருப்பமில்லை என்று நீதிபதிகள் நடந்துகொள்ளும் விதத்தில், பெயர் பறிக்கப்பட்ட ஓர் எழுத்தாளனின் வயிற்றெரிச்சல் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

பூலின் நாவலில் குரங்குகள் எப்படி ஆட்சிக்கு வருகின்றன தெரியுமா? மனிதர்கள் அவற்றைப் பிடித்து வேலைக்குப் பழக்குகிறார்கள். வீட்டு வேலை முதற்கொண்டு எல்லாவற்றையும் அவற்றின் தலையில் கட்டிவிட்டு மனிதர்கள் சோம்பிப் போகிறார்கள். ஒருநாள் வேலைக்காரக் குரங்கு சொன்ன வேலையைச் செய்ய மறுக்கிறது. பிறகு நடப்பதெல்லாம் அதன் தொடர்ச்சிதான். தோட்டத்துத் துரையாக இருந்த ஒருவருக்கு இப்படி ஒரு கெட்ட கனவு வந்ததில் ஆச்சரியம் என்ன? இது என் ஊகம்தான். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஆறு மணிப் பிரட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த ஊகம் வராமல் போகாது.

இனி 2014ஆம் ஆண்டுப் படத்துக்கு வருவோம். "டோன் ஒஃப் த பிளனெட் ஒஃப் த ஏப்ஸ்" என்பது அதன் பெயர். விடியல் என்று பொருள். 2011இல் வந்த படத்தின் தொடர்ச்சி இது. முதற்படத்தை ரூபர்ட் வையட் இயக்கினார், இதனை மெட் ரீவ்ஸ். மூளை மங்கும் நோய்க்கு மருந்து தேடிய ஆய்வுகூடத்தில் சிம்பன்சிகளுக்கு ஊசி போடுகிறார்கள். அந்த மருந்து குரங்குகளுக்கு அறிவைக் கொடுக்கிறது, மனிதர்களுக்குக் கொள்ளைநோயைக் கொடுக்கிறது. பத்து ஆண்டுகள் கழித்து உலகம் ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடக்கிறது. சான்பிரான்சிஸ்கோ நகரின் இடிபாடுகளுக்குள் சில மனிதர்கள் மிஞ்சியிருக்கிறார்கள். நகருக்கு அப்பால் காட்டில் குரங்குகள் ஊர் கட்டி வாழ்கின்றன. அவற்றின் தலைவன் சீஸர்.

மனிதர்களிடம் எண்ணெய் தீர்ந்துகொண்டிருக்கிறது. மின்சாரம் வேண்டும். மின்சாரம் தரக்கூடிய அணைக்கட்டு குரங்குகளின் காட்டுக்குள் இருக்கிறது. இதுதான் சிக்கல்.

இந்த இடத்தில் நமது நாட்டு நேயர்கள் சிரிப்பார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகல் முழு இலங்கையும் இருளில் மூழ்கியதே, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு போய் மோதியதுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னாரே, மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2023இல், ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பப் போவதாக ஒரு பேச்சு அடிபட்டது. வழக்குப் போட்டார்கள், பேச்சு கைவிடப்பட்டது. சிங்களத்தில் "ரிலவா" என்று சொல்லும், தலையில் தொப்பி வைத்தது போல மயிர் வளர்ந்த இந்தச் சிறு குரங்கு இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. ஆனால் எங்கள் பக்கத்துக் கிராமத்தில் ஒரு தேங்காயோ ஒரு கொய்யாவோ மிஞ்சுவதில்லை என்பதும் மெய்தான். லயத்துக் கூரையின் தகரத்தில் அவை ஓடுகிற சத்தத்தை நான் தினமும் கேட்கிறவன். ஆகவே குரங்குக்காகக் கண்ணீர் வடிக்கும் ஆளாக என்னை எண்ணிவிட வேண்டாம்.

படத்தில் வருபவை இவையல்ல, வாலில்லாதவை. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான். இவற்றில் ஒன்றுகூட நிஜக் குரங்கில்லை என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். 1968ஆம் ஆண்டுப் படத்தில் நடிகர்கள் இறப்பர் முகமூடி அணிந்து நடித்தார்கள். ஆம், இறப்பர்! அந்த ஒப்பனைக்காக ஜோன் சேம்பர்ஸ் என்பவருக்கு விசேட ஒஸ்கார் விருது கொடுத்தார்கள். 2014இல் முகமூடி இல்லை. நடிகர் ஓர் இறுக்கமான சாம்பல் நிற உடையை அணிந்துகொள்கிறார். உடை முழுவதும் அடையாளக் குறிகள். தலையில் ஒரு கவசம், அதிலிருந்து நீண்ட தண்டின் நுனியில் ஒரு சிறிய கமெரா, அது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. முகமெங்கும் புள்ளிகள். அவர் புருவத்தை நெரித்தால் புள்ளிகள் நகரும். கணினி அந்த நகர்வைப் பதிவு செய்யும். பின்னர் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரிலுள்ள வெட்டா டிஜிட்டல் நிறுவனத்தின் கலைஞர்கள் அந்த அசைவின் மேல் எலும்பையும் தசையையும் தோலையும் மயிரையும் ஏற்றுகிறார்கள். முன்னெல்லாம் இதைப் பெரும்பாலும் ஸ்டூடியோவின் நான்கு சுவருக்குள் செய்தார்கள். இந்தப் படத்துக்காகக் கனடாவின் வன்கூவர் பக்கத்துக் காடுகளில், மழையிலும் சேற்றிலும் இதனைச் செய்தார்கள். நாலு காலில் நடப்பதற்குக் கைகளில் நீட்டுக்கோல் பூட்டிக்கொண்டு பயிற்சி எடுத்தார்கள். பயிற்சி கொடுத்த டெரி நோட்டரியே ரொக்கட் என்ற குரங்காகவும் நடித்திருக்கிறார்.

சீஸராக நடித்தவர் அன்டி சேர்கிஸ். படம் முழுவதும் அவர் இருக்கிறார். ஆனால் அவருடைய தோலில் ஓர் அங்குலம்கூட நமக்குத் தெரிவதில்லை. கண்கள் மட்டும் அவருடைய கண்கள் போலவே இருக்கின்றன. படம் அந்தக் கண்களில்தான் தொடங்குகிறது. அவருக்கு நடிப்புக்கான ஒஸ்கார் கொடுக்க வேண்டும் என்று ஒரு சாரார் சொன்னார்கள். அது கணினிக் கலைஞர்களின் வேலை என்று மறுசாரார் சொன்னார்கள். கடைசியில் விசேட தொழில்நுட்பக் காட்சிகளுக்கான பரிந்துரை மட்டும் வந்தது. அந்த விருதும் வேறு படத்துக்குப் போனது.

எங்கள் தோட்டங்களில் காமன் கூத்துப் பார்த்தவர்களுக்கு இந்தச் சர்ச்சை வேடிக்கையாக இருக்கும். ரதி வேஷம் கட்டுகிற இளைஞனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். விரதம் இருந்து, வேஷம் கட்டி, தப்பு முழங்க அவன் வெளியே வந்தால் அவன் ரதிதான். வீரபத்திரனும் எமனும் அப்படித்தான். ஒப்பனை போட்டவர், பாட்டுச் சொன்னவர், தப்படித்தவர், ஆடியவர், இவர்களில் யாருடைய ரதி என்று பிரித்துக் கேட்கிற கேள்வி அங்கே எழுவதில்லை. விருது கொடுக்கிற இடத்தில்தான் அந்தக் கேள்வி எழுகிறது.

கதையில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் சீஸரல்ல, மொறிஸ் என்ற ஒராங்குட்டான். அவன் ஓர் ஆசிரியன். குட்டிக் குரங்குகளை உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்கிறான். குரங்கு குரங்கைக் கொல்லக்கூடாது என்பது முதற்பாடம். பிற்பாடு ஒரு மனிதச் சிறுவனும் மொறிஸும் ஒரு சித்திரப் புத்தகத்தை ஆளுக்காள் பார்த்து உட்கார்ந்திருக்கும் சிறு காட்சி வருகிறது. அங்கே போர் இல்லை, வசனம் ஏறக்குறைய இல்லை. இந்தக் கிழட்டு மொறிஸாக நடித்தவர் கரின் கொனோவல் என்ற பெண் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். ஒரே அறையில் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு தோட்டப் பாடசாலையில் பல ஆண்டுகள் கத்திய எனக்கு அந்த வகுப்பறையைப் பார்த்ததும் மனம் இளகிவிட்டது. (பெண் பாத்திரங்களைப் பொறுத்தவரை படம் மோசம். சீஸரின் மனைவி பிள்ளை பெறுகிறாள், காய்ச்சலில் படுக்கிறாள், வேறொன்றும் செய்வதில்லை. குரங்குகளின் ஊரில் விறகு பொறுக்குவது யார், தண்ணீர் எடுப்பது யார் என்று இயக்குநர் யோசிக்கவே இல்லை.)

இனி கோபாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆய்வுகூடத்துக் கூண்டில் வளர்ந்தவன் கோபா. கத்தியும் ஊசியும் பட்ட உடம்பு, ஒரு கண் கெட்டுப்போனது. அணைக்கட்டைத் திருத்த மனிதர்களை உள்ளே விடலாம், அவர்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டுப் போகட்டும் என்கிறான் சீஸர். கோபா பதில் வாதம் செய்வதில்லை. தன் உடம்பிலுள்ள தழும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, இதுவும் மனிதரின் வேலை, இதுவும் மனிதரின் வேலை என்று மட்டும் சொல்கிறான்.

இந்தப் படத்தைப் பக்கத்து லயத்துப் பையன்கள் மடிக்கணினியில் போட்டபோது என் வயதொத்த ஒருவரும் என்னோடு உட்கார்ந்து பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது; பையன்கள்தான் விளங்கப்படுத்தினார்கள். அந்தக் காட்சிக்கு விளக்கம் கேட்கவில்லை. 1977இலும் 1981இலும் 1983இலும் சப்ரகமுவத் தோட்டங்களில் என்ன நடந்தது என்பதை அறிந்தவர்களுக்கு விளக்கம் எதற்கு? அவர் எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "நம்மள அன்னைக்கு ராத்திரி காட்டுல வச்சிக் காப்பாத்துனதும் பக்கத்து நாட்டுல இருந்த ஒரு சிங்கள ஆளுதான் மாஸ்டர்" என்றார். நாடு என்றால் அயல் கிராமம். எங்கள் தோட்டங்களில் அப்படித்தான் சொல்வார்கள். படத்திலும் அப்படி ஒருவன் வருகிறான், மல்கம் என்று. சுடப்பட்டுக் கிடக்கும் சீஸரைத் தூக்கிச் சென்று உயிர் பிழைக்க வைக்கிறவன் அவனே. சுட்டவன் மனிதனல்ல, கோபா. மனிதத் துப்பாக்கியால் சுட்டுவிட்டுப் பழியை மனிதர்மேல் போடுகிறான். குரங்குப் படை நகரத்தின்மேல் பாய்கிறது. கடைசியில், உயரத்திலிருந்து விழப்போகும் கோபா சீஸரின் கையைப் பற்றிக்கொண்டு, குரங்கு குரங்கைக் கொல்லாதல்லவா என்று அந்த முதற்பாடத்தையே நினைவூட்டுகிறான். நீ குரங்கே அல்ல என்று சொல்லிச் சீஸர் கையை விட்டுவிடுகிறான்.

கம்பனைப் படித்தவர்களுக்குக் கிட்கிந்தை நினைவுக்கு வராமல் இராது. மார்பில் அம்பு தைத்த வாலி இராமனோடு வழக்காடுகிறான். நாங்கள் குரங்குகள், உங்கள் மனித தருமம் எங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்கிறான். இராமன் சொல்லும் பதில், நன்மை தீமை அறிந்தவன் வடிவத்தால் விலங்கானாலும் விலங்கல்லன் என்பது. அதாவது, நீ வெறும் குரங்கல்ல, ஆகவே தண்டனைக்குரியவன். சீஸர் சொல்வதும் நீ குரங்கல்ல என்றுதான். ஒரே வாக்கியம், இரண்டும் சாவில் முடிகின்றன. இராமன் வாலியை உயர்த்தி வைத்துக் கொல்கிறான். சீஸர் கோபாவைக் கூட்டத்துக்கு வெளியே தள்ளிக் கொல்கிறான். கம்பன் அதற்குப் பிறகும் வாலியைப் பேச விடுகிறான். சாகிற வாலி, என் தம்பி கள்ளுண்டு புத்தி தடுமாறிப் பிழை செய்தால் என்மேல் விட்ட அம்பை அவன்மேல் விட்டுவிடாதே என்று கேட்கிறான். கோபாவுக்கு அப்படிப் பேச ஒரு நிமிடமும் கிடைப்பதில்லை.

எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான். கோபாவின் தழும்புகளைக் காட்டிவிட்டு, அடுத்த ஒரு மணி நேரத்தில் அவனை ஒரு கொடியவனாக்கிவிடுகிறார்கள். தன் சொல் கேளாத ஓர் இளங்குரங்கை மாடியிலிருந்து தூக்கி எறிய வைக்கிறார்கள். அதன் பிறகு அவன் விழும்போது பார்க்கிறவர்களுக்கு உறுத்தல் இல்லை. நியாயம் கேட்ட வாயைக் கெட்ட வாயாக்கிவிட்டால் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லையே! அத்துடன் நீ எங்களில் ஒருவனல்ல என்ற தீர்ப்பைச் சீஸர் ஒருவனே எழுதுகிறான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் இந்நாட்டில் எதுவுமற்றவர்களாக்கப்பட்ட ஒரு சமூகத்தில் பிறந்தவன் நான். அந்த வழக்கைச் சட்டத்தில் முடித்துவைக்க 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே, யார் உள்ளே யார் வெளியே என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிக் கையை விடும் தலைவர்கள் எவ்வளவு நல்லவர்களானாலும் எனக்குப் பயம். இயக்குநரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. கையை விட்ட பிறகு சீஸரின் முகத்தில் வெற்றி இல்லை. மனிதரைவிடக் குரங்குகள் மேலானவை என்று நம்பியிருந்தேன், எவ்வளவு ஒத்திருக்கிறோம் என்று இப்போது தெரிகிறது என்று அதற்கு முன்பே தன் மகனிடம் அவன் ஒப்புக்கொண்டுவிடுகிறான்.

மீண்டும் பாலத்தைப் பற்றி ஒரு விடயம். சயாம் - பர்மா ரயில் பாதையை 1942, 43ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் போட்டார்கள். ஏறத்தாழ 415 கிலோமீற்றர். அதில் இறந்த போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். ஆனால் அதைவிடப் பன்மடங்கு தொகையினர் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவின் இறப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் மிகப் பலர். கித்துல்கலையில் எடுத்த படத்தில் அவர்களுடைய கதை இல்லை. வெள்ளைக்காரக் கேணலின் மானமே அங்கே கதை. பியர் பூல், தான் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பிய மனிதர்களில் எத்தனை பேர் அந்தப் பாதையில் மாண்டார்கள் என்று எண்ணிப் பார்த்தாரோ என்னவோ. அவரும் அக்காலத்தில் இந்தோசீனாவில் சிறையில்தான் இருந்தார். அந்தத் தமிழர்களைப் பற்றி எழுத ஒரு தமிழர்தான் வர வேண்டியிருந்தது. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் "சயாம் மரண ரயில்" என்ற நாவலைத் தேடிப் பிடித்துப் படியுங்கள்.

சாம்பல் நிற உடைக்குள்ளிருந்து நடித்த அன்டி சேர்கிஸின் முகத்தைத் திரையில் மறைத்தாலும் பெயரையாவது போட்டார்கள். குவாய் படத்தில் மைக்கல் வில்சனின் பெயரைக்கூடப் போடவில்லை. பாதை போட்ட தமிழனுக்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை.

குரங்குப் படத்தைப் பார்க்க விரும்புகிற நேயர்கள் 2011ஆம் ஆண்டுப் படத்தை முதலில் பார்ப்பது நல்லது. இல்லாவிட்டால் சீஸர் பழைய வீட்டுக்குத் திரும்பி வந்து, தன்னை வளர்த்தவனின் ஒளிப்பதிவைப் பார்க்கும் இடம் விளங்காது. 2017இல் இதே இயக்குநர் எடுத்த மூன்றாம் படத்தோடு சீஸரின் கதை முடிகிறது. அதில் குரங்குகளைப் பிடித்து, சாட்டையடித்து, மதில் கட்ட வைக்கிறார்கள். அதைப் பையன்களோடு இன்னும் பார்க்கவில்லை. அந்த நண்பரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.